மலையிலிருந்து கடலுக்கு: பனிக்காலத் தூண்டிலும் பெயர் தெரியாத மீனும்

நுவரெலியாவிலும் ராகலையிலும் புல்நுனியில் உறைபனி படியும் நாட்களில்தான் இலங்கையின் மேற்குக் கடலும் தெற்குக் கடலும் அமைதி கொள்கின்றன. தோட்டத்துக் குளத்திலும் காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்களிலும் திலாப்பியாவும் கார்ப்பும் பிடித்துப் பழகிய நம்மவர்கள் கடலில் தூண்டில் போட இதைவிட நல்ல காலம் கிடைக்காது. இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்படுகிறது. படகு வேண்டாம், விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். கரையில் நின்று பிடிப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

நீர்த்தேக்கத்துக்கும் கடலுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நீர்த்தேக்கத்தில் மிதப்பு அமிழ்ந்தால் என்ன வரப்போகிறது என்று ஓரளவு தெரியும். கடலில் தெரியாது. சிறு பாரைக்குப் போட்ட இரையில் விஷமுள் கொண்ட மீன் வரலாம். உண்டால் உயிரை எடுக்கும் மீனும் வரலாம். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு ஏழு வயதில் தெரிந்த மீனை நாம் நாற்பது வயதில் முதன்முறையாகப் பார்ப்போம். அதனால்தான் தூண்டில் போடுவதை விரைவாகச் சொல்லிவிட்டு, எதிர்பாராத மீன் வந்தால் என்ன செய்வது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படி: காலத்தையும் கரையையும் பொருத்துதல்

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அது கிழக்குக் கரையில் மோதி, பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து மேற்கே இறங்குகிறது. மேற்கிலும் தெற்கிலும் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. ஆகவே அலை தணிகிறது, நீர் தெளிகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றின்போது நிலைமை அப்படியே தலைகீழாகிவிடும்.

நம்மில் பலருக்குக் கடல் என்றதும் திருகோணமலையும் மட்டக்களப்பும்தான் மனதில் வருகின்றன. தமிழ் பேசும் ஊர்கள், உறவினர் இருக்கும் ஊர்கள். ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் அங்கே தூண்டிலோடு போக வேண்டாம். கடல் கொந்தளிக்கும், வாவிகளில் வெள்ளம் வரும். ஏப்ரலுக்குப் பிறகு அங்கே தாராளமாகப் போகலாம்.

பனிக்காலத்துக்கு ஹட்டன், தலவாக்கலை, கண்டிப் பக்கத்தவர்களுக்கு நீர்கொழும்பிலிருந்து சிலாபம், உடப்பு வரையான கரை வசதியானது. உடப்பு தமிழ் மீனவர் கிராமம். கரைவலை இழுப்பவர்களிடம் நம் மொழியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கத்தவர்கள் வெல்லவாய வழியாக இறங்கினால் ஹம்பாந்தோட்டை, தங்காலைக் கரைகளை எட்டலாம். தெவுந்தர முனைப் பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தளம், மிகக் குறுகியது, ஆழ்கடல் கரைக்கு அருகிலேயே தொடங்குகிறது. மிரிஸ்ஸ கடலில் திமிங்கிலம் தெரிவது அதனால்தான். பெரிய மீன் கரையோரம் வந்துபோவதற்கும் அதே காரணம்.

மாதங்களில் எனக்குப் பிடித்தது தைப்பொங்கலுக்குப் பிறகு மார்ச் முடியும் வரையான காலம். டிசம்பர் முற்பகுதியில் மேற்குப் பக்கம் மாலை இடிமழை இன்னும் ஓய்ந்திருக்காது. களனி ஆறு, மகா ஓயா முகத்துவாரங்களில் நீர் செம்மண் நிறத்தில் இருக்கும்.

சில இடங்களில் போடவே கூடாது. ஹிக்கடுவை கடல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்பிடித் துறைமுகங்களுக்குள் அனுமதி கேட்காமல் நுழையாதீர்கள். பௌர்ணமி போயா தினத்தில் தென்கரையில் தூண்டில் போடுவதை ஊரார் விரும்புவதில்லை. அவர்களின் கரைக்கு விருந்தாளியாகப் போகிறோம்; அன்றைக்கு விட்டுவிடுவதுதான் மரியாதை.

இரண்டாம் படி: கருவிகள்

நீர்த்தேக்கத்துக்குப் பயன்படுத்தும் ஆறேழு அடித் தடி பாறைக் கரையில் ஓரளவு உதவும். மணற்கரையில் அலைக்கு அப்பால் எறிய ஒன்பது, பத்து அடித் தடி வேண்டும். பஸ்ஸில் கொண்டுபோக மூன்று துண்டாகக் கழற்றக்கூடியதோ உள்ளிழுத்து மடிப்பதோ வாங்குங்கள். அதற்கு உறையாக இரண்டு அங்குல பிவிசி குழாய் போதும். இருபுறமும் மூடி போட்டால் சன நெரிசலிலும் தடி முறியாது.

ரீல் 4000 அல்லது 5000 அளவு. தங்கூசி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். 40 முதல் 80 கிராம் வரை ஈயங்கள். தங்கூசி முறுக்கேறாமல் இருக்க இடையில் கட்டும் சுழலிகள் சில. அரையடி நீளத்துக்கு மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றிரண்டு. சீலா மீனின் பற்களுக்கு வெறும் தங்கூசி தாங்காது.

தூண்டில் முள்ளைத் தேர்வதில் கவனம் தேவை. சாதாரண முள்ளைவிட, நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளையே வாங்குங்கள். மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பும்போது இந்த முள் தொண்டையில் தைக்காமல் வாயின் ஓரத்தில் வந்து மாட்டும். பெயர் தெரியாத மீனின் தொண்டைக்குள் விரலை விடவேண்டிய தேவை அதனால் இல்லாமல் போகிறது. முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது இன்னும் எளிது. சில மீன் தப்பும், தப்பட்டும். சிறு மீனுக்கு 4, 6 இலக்கமும், பெரிதுக்கு 1/0, 2/0 இலக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்வரும் நான்கும் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்: நீண்ட மூக்குக் குறடு, தங்கூசி வெட்டும் கத்தரி, தடித்த சாக்குத் துண்டு, வாய் அகன்ற சுடுநீர் பிளாஸ்க். இஞ்சிப் பிளேன்டீக்கு ஒரு பிளாஸ்க் எப்படியும் எடுத்துப்போவோம். இது அதற்கு மேலதிகமாக, வெறும் கொதிநீருக்கு. எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

காலணியிலும் கவனம் வேண்டும். தோட்டத்தில் போடும் ரப்பர் பூட்ஸ் பாறைக் கரைக்கு ஆகாது. தவறி விழுந்தால் உள்ளே நீர் நிரம்பிக் காலைக் கீழே இழுக்கும். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும். அடிப்பகுதி பிடிமானமுள்ள பழைய கன்வஸ் சப்பாத்து போதும்.

மூன்றாம் படி: முடிச்சும் கோர்ப்பும்

முடிச்சை வீட்டிலேயே பழகிவிடுங்கள். தங்கூசியின் நுனியை முள்ளின் காதுக்குள் விட்டு, ஒரு சாண் வெளியே இழுங்கள். அந்த நுனியைத் தாய்த் தங்கூசியைச் சுற்றி ஐந்து முதல் ஏழு சுற்று சுற்றுங்கள். பிறகு நுனியை, காதை ஒட்டி இருக்கும் சிறு கண்ணிக்குள் விடுங்கள். அப்போது உருவாகும் பெரிய கண்ணிக்குள்ளும் ஒருமுறை விடுங்கள். எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமர வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலவீனமாகி, மீன் இழுக்கும்போது அதே இடத்தில் அறும்.

மணற்கரைக்கு: துளையுள்ள ஈயத்தைத் தாய்த் தங்கூசியில் கோர்த்து, அதற்குக் கீழே சுழலி கட்டி, சுழலியிலிருந்து இரண்டடித் தங்கூசி விட்டு முள்ளைக் கட்டுங்கள். மீன் இழுக்கும்போது ஈயத்தின் பாரம் அதற்குத் தெரியாது.

பாறைக்கு: ஈயத்தைத் தாய்த் தங்கூசியைவிட மெல்லிய தங்கூசியில் தனியாகக் கட்டுங்கள். பாறையில் சிக்கினால் ஈயம் மட்டும் போகும், மீதி மிஞ்சும். இல்லாவிட்டால் ஈயத்தைக் குறைத்து, மிதப்புக்குக் கீழே நாலைந்து அடியில் இரையைத் தொங்கவிடலாம்.

இரைக்கு மண்புழுவும் கோதுமை மாவும் வேண்டாம். உப்பு நீரில் மாவு உடனே கரைந்துவிடும். இறால், கணவாய்த் துண்டு, சூடை அல்லது சாளையின் பாதி. இவற்றைக் காலையில் கரைச் சந்தையில் வாங்குவதே நல்லது. கணவாய் முள்ளில் நன்றாக நிற்கும். சிறு மீன்கள் கொத்தினாலும் கழன்றுவிடாது.

நான்காம் படி: இறங்கும் பாதை

ஜனவரியில் பண்டாரவளை, எல்ல, வெல்லவாயப் பாதையில் பாறை சரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளை என்ன செய்தது என்பதை நாம் பார்த்தோம். ஆகவே கிளம்புவதற்கு முந்திய இரவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் யோசியுங்கள். செம்மஞ்சள், சிவப்பு என்றால் பயணம் வேண்டாம். வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் கடற்பரப்பு அறிவிப்பு வெளியிடுகிறது. ‘புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரையான கடற்பரப்பு’ என்று வானொலியில் வருமே, அதுதான். அதில் காற்றின் வேகமும் கடலின் கொந்தளிப்பும் சொல்லப்படும். அலை உயரும் என்று எச்சரித்திருந்தால் பாறைப் பக்கம் போகாதீர்கள்.

விடியலில் தூண்டில் போட வேண்டுமானால் முதல்நாளே இறங்கி இரவு தங்க வேண்டும். 1800 மீற்றருக்கு மேலே கம்பளிச் சட்டையோடு பஸ் ஏறியவர் கீழே முப்பது பாகை வெயிலில் இறங்குகிறார். தொப்பி, நீண்ட கைச்சட்டை, தேவைக்கு மேல் தண்ணீர் மூன்றும் வேண்டும்.

ஐந்தாம் படி: கரையில் முதல் அரை மணி

தூண்டிலைப் பிரிக்காதீர்கள். நின்று கடலைப் பாருங்கள்.

அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை பல வந்தபின் பெரியவை சில சேர்ந்து வரும். எந்தப் பாறை வரை நனைந்திருக்கிறது என்பதைப் பார்த்து, அதற்கும் மேலே நில்லுங்கள். பாறையில் கறுப்பும் பச்சையுமாகத் தெரியும் பாசி, அலை அடிக்கடி ஏறும் இடம் என்பதற்கு அடையாளம். மணற்கரையில், இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க நடுவில் மட்டும் நீர் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்கக் கூடாது. திரும்பிப் போகும் நீர் அந்த வழியாகத்தான் கடலுக்கு இழுக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. நீர்த்தேக்கக் கரையில் நின்ற தைரியத்தைக் கடலுக்குக் கொண்டுவர வேண்டாம். முழங்காலுக்கு மேல் நீரில் நிற்காதீர்கள், தனியாகப் போகாதீர்கள்.

மீன் பிடிப்பவனுக்கும் அந்த அமைதியான ஓட்டம் பயன்படும். கரையைக் கிளறிய நீர் அந்த வழியாகத்தான் இரையை வெளியே கொண்டுபோகிறது. அதன் ஓரத்தில் மீன் காத்திருக்கும். பாதுகாப்பான மணலில் நின்றபடி இரையை அந்த ஓரத்தில் விழச் செய்யுங்கள்.

இலங்கைக் கடலில் நீர் ஏறி வற்றும் அளவு குறைவு, ஒரு மீற்றரையும் எட்டாது. ஆகவே ஏற்ற இறக்கக் கணக்கைவிட வெளிச்சத்தைக் கவனியுங்கள். பனிக்காலத்தில் நீர் தெளிவாக இருப்பதால் உச்சி வெயிலில் மீன் கரைக்கு வர அஞ்சும். விடியலிலிருந்து ஒன்பது மணி வரையும், மாலை மங்கும் நேரமும்தான் நல்லவை.

ஆறாம் படி: போட்டபின்

இரையை எறிந்ததும் தங்கூசியை இலேசாக இறுக்கி, தடியை உயர்த்திப் பிடித்துக் காத்திருங்கள். முதலில் வரும் சிறு கொத்தல்களுக்கு அசையாதீர்கள். தடி வளைந்து இழுத்தால், நீர்த்தேக்கத்தில் செய்வதுபோல் வெடுக்கென்று சுண்டாமல் ரீலைச் சீராகச் சுற்றுங்கள். வட்ட முள் தானாகவே வாயோரத்தில் மாட்டும். சுண்டினால் வாயிலிருந்து வழுவிவிடும்.

ஈரமணல் வரை கொண்டுவந்ததும் அடுத்த அலையின் தள்ளுதலோடு சேர்த்து இழுங்கள். பின்வாங்கும் நீருக்கு எதிராக இழுத்தால் தங்கூசி அறும்.

ஏழாம் படி: வந்தது எது?

மீன் மணலில் கிடக்கிறது. பெயர் தெரியவில்லை. கை வைக்காதீர்கள், எவ்வளவு துடித்தாலும், கூட வந்தவர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

உடப்புக் கரையில் ஒரு ஜனவரிக் காலை என் மைத்துனர் சிறு பாரைக்காகக் கணவாய்த் துண்டு போட்டிருந்தார். தடி ஒரேயடியாக வளைந்தது. மீன் இரண்டு முறை நீருக்கு மேலே எழும்பி விழுந்தது. கரைக்கு வந்ததைப் பார்த்தால் முழங்கை நீளத்துக்குத் தட்டையான வெள்ளி உடல், பெரிய வாய், விலாவில் கறுப்புப் பொட்டுகள். அவர் குனிந்து வயிற்றைச் சுற்றிப் பிடிக்கப் போனார். கரைவலைக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஓடிவந்து, “தம்பி, வயிற்றைப் பிடிக்க வேண்டாம்” என்று தடுத்தார். ஈரச் சாக்கை மீனின் தலைமேல் போட்டு, தலையிலிருந்து வால் பக்கமாக ஒரே திசையில் அமுக்கிப் பிடித்தார். பிறகு மலவாய்க்குச் சற்றுப் பின்னே மடிந்து கிடந்த இரண்டு சிறு முட்களைக் குறட்டு நுனியால் நிமிர்த்திக் காட்டினார். முதுகிலும் அப்படி ஒரு வரிசை. “இது குத்தினால் அன்றைக்கு வேலை இல்லை” என்றார். அந்த மீன் கட்டா. ஹட்டன் சந்தையில் உப்புப் படிந்த துண்டுகளாக எத்தனையோ முறை வாங்கிய கட்டாக் கருவாடு, உயிரோடு எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது.

அந்தப் பெரியவர் பார்த்த முறையையே வரிசையாகத் தருகிறேன். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் முதுகு: முள் நிமிர்ந்திருக்கிறதா, மடிந்திருக்கிறதா? பிறகு செவுளுக்குப் பின்னால் பக்கத் துடுப்புகளும், வயிற்றடியும். பிறகு வால்: சாட்டைபோல் நீண்டிருக்கிறதா? பிறகு வாய்: பற்கள் தனித்தனியா, கிளிமூக்குப்போல் ஒட்டிய தட்டா? கடைசியாகத் தோல்: செதில் உண்டா, வழவழப்பா, சொரசொரப்பா, உடல் உப்புகிறதா? இவ்வளவும் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

நமக்கு வாய்ப்புள்ளவற்றைச் சொல்கிறேன்.

பேத்தை. இதைத்தான் முதலில் மனதில் பதிக்க வேண்டும். உருண்டைத் தலை, செதிலற்ற தோல், கிளிமூக்குப் பல், எடுத்ததும் பலூன்போல் உப்பும் வயிறு. பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். இதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழியாது. மாற்று மருந்தும் கிடையாது. உண்டவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு கைகால் தளரும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். யாராவது தெரியாமல் உண்டுவிட்டால், உதடு மரத்ததுமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மூச்சுக்குச் செயற்கையாகத் துணைசெய்வது ஒன்றுதான் உயிரைக் காக்கும். ‘ஈரலை எடுத்துவிட்டால் சரி’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பூனைக்கும் நாய்க்கும்கூடப் போடாதீர்கள். காற்றை விழுங்கி உப்பிய பேத்தையைத் தாமதமின்றிக் கடலில் விட்டால் பிழைத்துக்கொள்ளும். விரலை வாயருகே கொண்டுபோகாதீர்கள்; தங்கூசியையே கடித்து அறுக்கும் பல் அது.

கோடு போட்ட கெளுத்தி. கறுப்பு உடலில் தலையிலிருந்து வால் வரை வெளிர்கோடுகள், வாயைச் சுற்றி மீசை, விலாங்குபோல் குறுகும் வால். நம் ஊர்க் கெளுத்தியைக் கையால் பிடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆபத்து. முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்று என மூன்று விஷமுட்கள். சாக்கையும் கையுறையையும் துளைக்கும். தங்கூசியை முள்ளுக்கு அருகே வெட்டி விட்டுவிடுங்கள். தூண்டில் முள் போனால் போகட்டும்.

ஒரா. தட்டையான முட்டை வடிவ உடல், சிறு வாய், பாசி தின்னும் மீன். பாறையோரம் இறால் துண்டுக்கும் வரும். குழம்புக்கு அருமையானது; ஆனால் முதுகு, வயிறு இரண்டிலும் வரிசையாக விஷமுள். பிடித்ததும் குறடால் வாயைக் கவ்வித் தூக்கி, பெட்டியில் போட்டு, செத்தபின் முட்களைக் கத்தரியால் வெட்டிவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். செத்த மீனின் முள்ளும் குத்தும்.

சிங்கமீனும் பாறைநிறத் தேள்மீன்களும். சிங்கமீன் சிவப்பும் வெள்ளையுமான வரிகளோடு, இறகு விரித்ததுபோல் துடுப்புகளோடு வருவதால் எளிதில் அடையாளம் தெரியும். பாறைநிறத்தவை அப்படியல்ல. கல்லும் பாசியும் படிந்த கட்டிபோல் கிடக்கும். ‘குப்பை சிக்கிவிட்டது’ என்று கையால் பிடுங்கத் தோன்றும். கடலில் குப்பைபோல் வரும் எதையும் குறடால் புரட்டிப் பாருங்கள்.

திருக்கை. வாலின் அடிப்பகுதியில் அரம்போன்ற முள் இருக்கும். முன்பக்கம் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம், வாலை வளைத்து அடிக்கும். நீரிலேயே வைத்துத் தங்கூசியை வெட்டுங்கள். மணற்கரையில் நீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.

முரல். ஊசிபோல் நீண்ட வாய். பயப்படாமல் உண்ணக்கூடிய நல்ல மீன். வெட்டினால் எலும்பு பச்சையாக இருக்கும். கெட்டுப்போனதென்று பலர் எறிந்துவிடுகிறார்கள்; அது அந்த மீனின் இயற்கை நிறம்தான்.

அஞ்சாலை மீனும் கடற்பாம்பும். இரண்டும் நீண்டு நெளியும். நம் ஓடைகளில் வரும் விலாங்கென்று எண்ணிவிடாதீர்கள். (விலாங்கும் கடலில் பிறந்து ஆறேறி வருவதுதான்; மலை ஓடையில் அதைக் காணும்போதெல்லாம் அது கடந்துவந்த தூரத்தை நினைத்து வியக்கிறேன்.) கடற்பாம்பின் வால் துடுப்புபோல் தட்டையாக இருக்கும், விஷம் கொடியது. எதுவென்று பார்க்க நெருங்க வேண்டாம். தங்கூசியை வெட்டி விலகுங்கள்.

ஆமை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர். மெதுவாக இழுத்து, முள்ளுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகத் தங்கூசியை வெட்டி விடுங்கள். நீண்ட தங்கூசியோடு விட்டால் அதுவே கழுத்தில் சுற்றிக் கொன்றுவிடும்.

கடைசியாக ஒன்று: திலாப்பியா. ஆம், கடலில்தான். 1952 அளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா உப்பு நீரையும் தாங்கும். நீர்கொழும்பு வாவியிலும் முகத்துவாரங்களிலும் அது வாழ்கிறது. நூற்றைம்பது கிலோமீற்றர் இறங்கிவந்து வீட்டுக் குளத்து மீனையே பிடித்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முகத்துவாரத்தைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

பெயர் கடைசி வரை தெரியாவிட்டால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். படத்தை அருகில் வலை உலர்த்துபவரிடம் காட்டுங்கள். பெயரையும், உண்ணலாமா என்பதையும் இரண்டு பேரிடமாவது கேளுங்கள். பெயர் தெரியாத மீனைச் சட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எட்டாம் படி: முள் குத்திவிட்டால்

அந்தச் சுடுநீர் பிளாஸ்க் இப்போதுதான் தேவை. மேலே சொன்ன முள்மீன்களின் விஷம் சூட்டில் வலுவிழக்கும் தன்மையுள்ளது. கொதிநீரோடு சாதாரண நீரைக் கலந்து, தாங்கக்கூடிய சூட்டுக்கு, அதாவது 45 பாகைக்கு மேற்படாமல் கொண்டுவாருங்கள். குத்துப்பட்ட கையால் சோதிக்காதீர்கள். வலியில் சூடு தெரியாமல் வெந்துவிடும். நல்ல கையால் சோதியுங்கள். குத்துப்பட்ட இடத்தை முப்பது முதல் தொண்ணூறு நிமிடம் வரை அமிழ்த்தி வையுங்கள். நீர் ஆறினால் மறுபடி சூடாக்குங்கள். ஒரு பிளாஸ்க் போதாவிட்டால் கரையோரத் தேநீர்க் கடையில் கேளுங்கள்.

கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது, சுண்ணாம்பு அல்லது மண்ணெண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். முள் உடைந்து உள்ளே இருந்தால் தோண்டாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்பு ஊசியும் தேவைப்படும். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சு வலி தெரிந்தாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ திருக்கை முள் தைத்தாலோ, 1990 இலக்கத்தில் அம்பியூலன்ஸை அழையுங்கள். நெஞ்சில் தைத்த முள்ளைப் பிடுங்காதீர்கள். கடற்பாம்புக் கடிக்கு இந்தச் சுடுநீர் முறை பொருந்தாது. கடிபட்டவரை அசையவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒன்பதாம் படி: மீனை மலைக்கு ஏற்றுதல்

வைத்துக்கொள்ளப் போகும் மீனைத் துடிக்க விடாமல் தலையில் ஒரே அடியில் கொன்று, செவுளை வெட்டி, வாளிக் கடல்நீரில் இரத்தம் வடியவிடுங்கள். குடலை அங்கேயே எடுத்துவிடுங்கள். ரெஜிபோம் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், அதன் மேலே ஐஸ் என்று அடுக்க வேண்டும். மீன் எவ்வளவோ அவ்வளவு எடைக்கு ஐஸ். துறைமுகப் பக்கம் கட்டி ஐஸ் கிடைக்கும். சாக்கில் கட்டி நன்றாக நொறுக்கிப் போடுங்கள்.

மலையேறினால் குளிர்தானே என்று ஐஸைக் குறைக்காதீர்கள். நுவரெலியாவின் பத்துப் பாகைக் குளிர் மீனுக்குப் போதாது. உருகும் ஐஸின் பூச்சியப் பாகை வேண்டும். முக்கியமாகச் சூரை, கும்பிளா, சாளை போன்றவை சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகிறது. சமைத்தாலும் அது போகாது. உண்டதும் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடல் தடிக்கும். கொறக்காய் போட்டுப் புளிப்பாக வைத்தாலும் முன்பே உண்டான ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் சுரீரென்றால் துப்பிவிடுங்கள்.

பெட்டியின் மூடியைச் சுற்றி அகலமான நாடா ஒட்டி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போது மீன்நீர் அடுத்தவர் பையில் ஓடக்கூடாது.

பத்தாம் படி: கருவிகளைக் கழுவுதல்

வீட்டுக்கு வந்த களைப்பில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரீலின் இறுக்கும் திருகை நன்றாக இறுக்கிவிட்டு, மெல்லிய நன்னீர்த் தூறலில் கழுவுங்கள். திருகு தளர்ந்திருந்தாலோ பீய்ச்சி அடித்தாலோ உப்புநீர் உள்ளே போய்ப் பற்சக்கரம் துருப்பிடிக்கும். தடியின் வளையங்களைத் துணியால் துடையுங்கள். குறடுக்கும் கத்தரிக்கும் எண்ணெய் தடவுங்கள். உப்பில் நனைந்த தூண்டில் முட்களைப் புதியவற்றோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். ஒன்றின் துரு மற்றவற்றுக்கும் பரவும். தங்கூசியின் முன்பகுதியை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். பாறையில் உரசிச் சொரசொரப்பான இடம் வரை வெட்டிக் கழித்துவிடுங்கள். வெட்டிய துண்டைச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். தோட்டத்தில் எறிந்தால் கோழியின் காலில் சுற்றும். ரீலை நிழலில் உலரவிட்டு, திருகைத் தளர்த்தி வையுங்கள்.